டோட்டோரோ ஏன் அம்மாவைக் குணப்படுத்தவில்லை?

வார இறுதி வாட்ச்லிஸ்ட்: மியாசாகியின் மாய உலகம்

மழை கொட்டுகிறது. இருட்டிக்கொண்டு வரும் நேரம். காட்டோரத்தில் ஒரு பஸ் ஸ்டாப். அப்பாவுக்குக் குடை கொடுப்பதற்காக அக்கா சத்சுகியும் தங்கை மெய்யும் காத்திருக்கிறார்கள். ஒரு பஸ் வந்து போகிறது. அதில் அப்பா இல்லை. தங்கைக்குக் கண் சொக்குகிறது. அக்கா அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, குடையைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறாள். அப்போது பக்கத்தில் ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. குடையின் விளிம்புக்குக் கீழே அவளுக்கு முதலில் தெரிவது, நீண்ட நகங்களோடு இரண்டு பெரிய பாதங்கள்.

வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் பின்னணி இசையே பயமுறுத்தியிருக்கும். இங்கே யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. தலையில் ஓர் இலையை மட்டும் வைத்துக்கொண்டு நனையும் அந்தப் பெரிய உருவத்திடம், சத்சுகி அப்பாவின் குடையை நீட்டுகிறாள். குடைமேல் சொட்டும் துளிகளின் சத்தம் அதற்கு ரொம்பவே பிடித்துப்போகிறது. ஓங்கி ஒரு குதி குதிக்கிறது. மரங்களில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் சடசடவென்று கொட்டுகிறது. அது வாயெல்லாம் பல்லாகக் கத்துகிறது. அதுதான் டோட்டோரோ.

ஹயாவோ மியாசாகி இயக்கத்தில் 1988-ல் வந்த 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தின் இந்தக் காட்சி, படத்தையே பார்க்காதவர்களுக்கும் தெரியும். டி-ஷர்ட், கீசெயின், மொபைல் கவர் என்று டோட்டோரோ போகாத இடமில்லை. ஸ்டூடியோ ஜிப்லியின் லோகோவும் அதுதான். ஆனால், படத்தைப் பார்த்தவர்களே பல நேரம் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டு குழந்தைகளின் அம்மா மருத்துவமனையில் இருக்கிறார். படம் முழுக்க அவர் அங்கேதான் இருக்கிறார்.

காட்டையே ஒரு குதியில் அதிரவைக்கிற டோட்டோரோ, அந்த அம்மாவை ஏன் குணப்படுத்தவில்லை?

"அம்மா எப்ப வருவாங்க?"

மாயாஜாலக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு நோய். ஏழு மலை தாண்டி ஒரு மூலிகை. அதைக் கொண்டுவந்தால் நோய் தீரும். 'டோட்டோரோ' அந்த வழக்கத்துக்கான எல்லாப் பொருள்களையும் கையில் வைத்துக்கொண்டு, அதைச் செய்ய மறுக்கிற படம்.

அப்பா இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு கிராமத்து வீட்டுக்குக் குடிவருவதே, அம்மா இருக்கும் மருத்துவமனை அங்கிருந்து பக்கம் என்பதால்தான். வார இறுதியில் அம்மா ஒரு நாள் வீட்டுக்கு வந்துபோவதாக ஏற்பாடு. வீடே குதூகலத்தில் இருக்கிறது. அப்போது மருத்துவமனையிலிருந்து தந்தி வருகிறது. அம்மா வர முடியாது. லேசான ஜலதோஷம்தான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சத்சுகி அந்தக் கணம்வரை ஒரு குட்டி அம்மாவாகவே நடந்துகொள்கிறவள். எல்லோருக்கும் சாப்பாடு கட்டுகிறாள், தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள், அழுவதே இல்லை. ஆனால், போன முறையும் கொஞ்ச நாள்தான் என்றுதான் சொன்னார்கள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அம்மா இறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு வாய்விட்டு அழுகிறாள். இதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தங்கை மெய், ஒரு சோளக்கதிரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன்னந்தனியாக மருத்துவமனைக்குக் கிளம்புகிறாள். அந்தத் தோட்டத்துச் சோளத்தைச் சாப்பிட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. பாதி வழியில் தொலைந்துபோகிறாள்.

டோட்டோரோ இங்கே செய்வது ஒரே ஓர் உதவிதான். பூனை பஸ்ஸை வரவழைக்கிறது. பஸ் வடிவில் ஒரு பூனை. பன்னிரண்டு கால்கள், ஜன்னல்கள், ரோமத்தாலான இருக்கைகள். அது சத்சுகியை மெய்யிடம் சேர்க்கிறது. பிறகு இருவரையும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் மரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் உள்ளே போகவில்லை. சோளக்கதிரை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அம்மா வீடு திரும்புவது, கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் சில ஓவியங்களில்தான். அதற்குக் காரணம் மருத்துவமும் நாள்களும்தான், டோட்டோரோ அல்ல.

மியாசாகிக்கு இந்த வீடு தெரியும். அவர் 1941-ல் பிறந்தவர். அவருக்கு ஆறு வயதானபோது அவருடைய அம்மாவுக்கு முதுகெலும்பில் காசநோய். 1947 முதல் 1955 வரை அவர் படுக்கையில் இருந்தார். முதல் சில வருடங்கள் மருத்துவமனையில், பிறகு வீட்டில். "அம்மா எப்ப வருவாங்க?" என்ற கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில்கள் எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்த பையன் அவர். அதனால்தானோ என்னவோ, தன் படத்தின் குழந்தைகளுக்கு அவர் பொய் மருந்து கொடுக்கவில்லை. பயத்தில் கூட நிற்க ஒரு துணையை மட்டும் கொடுத்தார்.

இந்தப் படத்தின் அப்பாவையும் சொல்லியாக வேண்டும். காட்டில் ஒரு பெரிய பிராணியைப் பார்த்தேன் என்று மெய் சொன்னதும் அக்கா சிரிக்கிறாள். அப்பா சிரித்துத் தட்டிக்கழிக்கவில்லை. நீ பார்த்தது காட்டின் காவலனாக இருக்கும், எப்போதும் கண்ணில் படாது என்று சொல்லி, மூவருமாக அந்தப் பெரிய கற்பூர மரத்தின் முன் நின்று வணங்கிவிட்டு வருகிறார்கள். குழந்தை சொல்வதை நம்புகிற பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், பாதி பயம் போய்விடும் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிற காட்சி அது.

பெயரைப் பறித்தாலும் வேலை உண்டு

2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' இன்னும் ஒரு படி மேலே போகிறது. நண்பர்களின் பத்து வயதுப் பெண் குழந்தைகளை மனத்தில் வைத்து மியாசாகி எடுத்த படம் இது. 2002-ல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி, 2003-ல் ஆஸ்கர் என்று இரண்டையும் வாங்கியது. ஜப்பானில் ஏறக்குறைய இருபது வருடங்கள் வசூலில் முதலிடத்தில் இருந்தது.

கதாநாயகி சிஹிரோவுக்குப் பத்து வயது. முதல் காட்சியில் காரின் பின் இருக்கையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பழைய ஊரையும் தோழிகளையும் விட்டுவந்த கோபம். அழகி இல்லை, வீராங்கனை இல்லை, தீர்க்கதரிசனம் எதிலும் அவள் பெயர் இல்லை. வழியில் ஆளில்லாத ஒரு கடைத்தெருவில் அப்பாவும் அம்மாவும் கேட்காமலேயே எடுத்துச் சாப்பிட்டுப் பன்றிகளாகிவிடுகிறார்கள். அது தெய்வங்கள் வந்து குளித்துப்போகும் குளியல் விடுதி. நடத்துகிறவள் யுபாபா என்ற சூனியக்காரி.

வேறு கதையாக இருந்தால் சிஹிரோவுக்கு இந்த இடத்தில் ஒரு மந்திரக்கோல் கிடைத்திருக்கும். இங்கே கிடைப்பது தரை துடைக்கும் துணி. வேலை கேட்கிறவர்களுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பது யுபாபா செய்துகொடுத்திருக்கும் சத்தியம். அதைப் பிடித்துக்கொண்டு, மிரட்டினாலும் கத்தினாலும் "எனக்கு வேலை வேண்டும்" என்பதையே சிஹிரோ திரும்பத் திரும்பச் சொல்கிறாள். வேலை கிடைக்கிறது. பதிலுக்கு யுபாபா அவள் பெயரிலிருந்து எழுத்துகளை உருவிக்கொண்டு 'சென்' என்று மாற்றிவிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தால் ஊர் திரும்ப முடியாது. சின்ன வயதில் வேலைக்குப் போய், அங்கே வைத்த பெயரே நிலைத்துவிட்ட யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஹாகு அவளுக்குச் சோற்று உருண்டைகள் கொடுக்கும் காட்சி வருகிறது. அதுவரை அழாமல் இருந்தவள், ஒரு வாய் சாப்பிட்டதும் உடைந்து அழுகிறாள். பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள். அழுதுகொண்டே சாப்பிடுகிறாள். மாயம் எதுவும் இல்லாத இந்த அரை நிமிடம், படத்தில் பறக்கும் டிராகனைவிட ஆழமாக மனத்தில் தங்கிவிடுகிறது.

அவளுடைய முதல் பெரிய பரீட்சை, நாற்றம் தாங்காத ஒரு சேற்றுத் தெய்வத்தைக் குளிப்பாட்டுவது. விடுதியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க, சிஹிரோ முழங்கால் சேற்றில் இறங்குகிறாள். அதன் பக்கவாட்டில் முள்போல ஏதோ தைத்திருப்பது கையில் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். வெளியே வருவது ஒரு பழைய சைக்கிள். அதன் பின்னால் குப்பை குப்பையாகக் கொட்டுகிறது. அது சேற்றுத் தெய்வமே இல்லை. மனிதர்கள் பாழாக்கிய ஒரு பெரிய ஆற்றின் தெய்வம். மியாசாகி தன் வீட்டுப் பக்கத்து ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது உண்மையாகவே ஒரு சைக்கிளை இழுத்து எடுத்திருக்கிறார். அந்த அனுபவம்தான் இந்தக் காட்சி.

ஹாகுவும் ஓர் ஆறுதான். ஆற்றை மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதனால் அவனுக்குத் திரும்பிப் போக வீடில்லை. சிறுவயதில் அந்த ஆற்றில் விழுந்து பிழைத்தவள் சிஹிரோ. அவள் ஆற்றின் பெயரை நினைவுபடுத்திச் சொன்னதும் அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. சுற்றுச்சூழல் பாடத்தை இத்தனை சுலபமாக, ஒரு பெயரை நினைவில் வைத்திருப்பது என்ற அளவுக்குச் சுருக்கிக் குழந்தையின் கையில் கொடுத்த படம் வேறு இருப்பது அபூர்வம்.

கெட்டவர் யார்?

இந்தப் படங்களைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்குத் தவறாமல் வரும் கேள்வி, "இதுல வில்லன் யாரு?" என்பது. பதில் சொல்வது சிரமம். யுபாபா பணத்தாசை பிடித்தவள்தான். ஆனால் தன் ராட்சதக் குழந்தையிடம் உருகுகிறாள், கொடுத்த வாக்கை மீறுவதில்லை. ஊழியர்களையே விழுங்கும் முகமூடி உருவமான நோ-ஃபேஸ், வெளியே வந்தால் ஓர் ஓரமாக உட்கார்ந்து நூல் நூற்கும் சாது. அதைக் கெடுத்தது அந்த விடுதியின் பேராசை.

கேள்வி மிகக் கடினமாவது 1997-ல் வந்த 'பிரின்ஸஸ் மோனோனோகே'வில்தான். காட்டை அழித்து இரும்பு உருக்கும் எபோஷி சீமாட்டியைப் பார்த்தவுடன் வில்லி என்று முடிவுகட்டத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் தெரிகிறது, அவளுடைய ஆலையில் துருத்தி மிதிக்கும் பெண்கள் அத்தனை பேரும் விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் மீட்டுவந்தவர்கள். உள்ளே ஓர் அறையில் தொழுநோயாளிகள் கட்டுகளோடு உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார்கள். ஊர் விரட்டிய தங்களின் அழுகிய உடம்பைக் கழுவிக் கட்டுப்போட்டவள் அவள்தான் என்கிறார்கள். ஜப்பானில் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் நீக்கப்பட்டது 1996-ல்தான். அடுத்த வருடம் வந்த படம் இது.

காடும் சரி, ஆலையும் சரி. இரண்டும் ஒன்றை ஒன்று கொல்கின்றன. இடையில் நிற்கும் அஷிதகா யாரையும் கொன்று பிரச்னையை முடிக்கவில்லை. கடைசியில் காட்டுப் பெண் சான், உன்னைப் பிடிக்கும், ஆனால் மனிதர்களை மன்னிக்க முடியாது என்கிறாள். அவன், பரவாயில்லை, நீ காட்டில் இரு, நான் ஊரில் இருக்கிறேன், வந்து பார்க்கிறேன் என்கிறான். கல்யாணமும் இல்லை, வெற்றி விழாவும் இல்லை. பகையாளியை ஒழித்துக்கட்டியே பழகிய திரைக்கதைகளுக்கு நடுவே, இது திருப்தியில்லாத முடிவாகத் தோன்றலாம். ஆனால், நிஜ வாழ்க்கையில் அண்ணன் தம்பி சண்டைகளே பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

மந்திரம் தீர்ந்துபோன நாள்

1989-ல் வந்த 'கிகீஸ் டெலிவரி சர்வீஸ்' இவற்றில் மிக லேசான படம் என்று பெயர் வாங்கியது. ஆனால், வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆனவர்கள் பார்த்தால் லேசாகத் தெரியாது.

கிகிக்கு வயது 13. அவர்கள் வழக்கப்படி அந்த வயதில் சூனியக்காரிப் பெண்கள் வீட்டைவிட்டுப் போய் வேறு ஊரில் ஒரு வருடம் பிழைக்க வேண்டும். கிகிக்குத் தெரிந்த ஒரே வித்தை துடைப்பத்தில் பறப்பது. அதை வைத்து ஒரு பேக்கரியில் தங்கிக்கொண்டு டெலிவரி வேலை தொடங்குகிறாள். ஒரு நாள், பாட்டி ஒருவர் பாசமாகச் செய்து கொடுத்த பையை மழையில் நனைந்து கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வாங்கும் பேத்தியோ, எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது என்று கதவைச் சாத்துகிறாள். கிகி காய்ச்சலில் விழுகிறாள். சில நாள்களில் அவளால் பறக்க முடியாமல் போகிறது. கூடவே இருந்த கறுப்புப் பூனை ஜிஜியின் பேச்சும் புரியாமல் போகிறது.

சாபம் கிடையாது, எதிரி கிடையாது. மனசு களைத்துப்போனதால் வித்தை வற்றிவிட்டது, அவ்வளவுதான். காட்டில் தனியாக ஓவியம் வரையும் உர்சுலா என்ற பெண் அவளைத் தன் குடிசைக்கு அழைத்துப்போகிறாள். எனக்கும் வரைய வராமல் போகும், அப்போது நிறுத்திவிட்டு நடப்பேன், தூங்குவேன், ஒன்றுமே செய்யாமல் இருப்பேன் என்கிறாள். சரியான நேரத்தில் கேட்டால் மாத்திரையைவிட நல்ல அறிவுரை. கிகி மறுபடி பறக்கிறாள், தெரு பெருக்குகிறவரிடம் கடன் வாங்கிய துடைப்பத்தில், தட்டுத்தடுமாறி. ஜப்பானிய மூலத்தில் ஜிஜி மறுபடி பேசுவதே இல்லை. போனது போனதுதான். அது இல்லாமலும் அவள் அந்த ஊரில் வாழப் பழகிவிட்டாள்.

இரண்டு கைதட்டலுக்கு நடுவே

"படம் ரொம்ப ஸ்லோ." ஜிப்லி படங்களைப் பற்றி அதிகம் கேட்கக் கிடைக்கும் புகார் இது. புகார் சரிதான். 'ஸ்பிரிட்டட் அவே'யின் உச்சத்தில், கடல்போலத் தண்ணீர் பரவிய வெளியில் ஒரு ரயில் போகிறது. சிஹிரோ உட்கார்ந்திருக்கிறாள். நிழல் மனிதர்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். வெளிச்சம் மங்குகிறது. நிமிடக்கணக்கில் இவ்வளவுதான்.

2002-ல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்த வெற்று நேரங்களைப் பற்றிக் கேட்டபோது, மியாசாகி சில முறை கைதட்டிக் காட்டினார். இரண்டு தட்டலுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கு ஜப்பானிய மொழியில் 'மா' என்று பெயர் என்றார். அந்த இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் பார்ப்பவருக்கு மரத்துப்போகும் என்பது அவர் கருத்து. சிஹிரோ அந்த ரயிலில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான், ஆரம்பத்தில் காரில் சிணுங்கிக்கொண்டிருந்த பெண் இவள் இல்லை என்பது உறைக்கிறது.

2025 மார்ச்சில் 'ஜிப்லி' என்ற சொல் ஒரே வாரத்தில் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. சாட்ஜிபிடியில் போட்டோவைக் கொடுத்தால் சில நொடிகளில் ஜிப்லி பாணிப் படம். கல்யாணப் போட்டோ, குழந்தையின் முதல் பிறந்தநாள், இறந்துபோன தாத்தா என்று எல்லோரும் மாற்றிப் பார்த்தார்கள். ஆசையில் செய்ததைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்தப் படங்களில் இருந்தது ஜிப்லியின் நிறமும் கண்களும் மட்டும்தான்.

'தி விண்ட் ரைசஸ்' படத்தில் நிலநடுக்கத்தின்போது கூட்டம் நகரும் ஒரு காட்சி நான்கு விநாடி வருகிறது. அதை வரைந்து முடிக்க ஓர் அனிமேட்டருக்கு ஒரு வருடம் மூன்று மாதங்கள் ஆயின. கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாக நடக்க வேண்டும் என்பதால் அவ்வளவு காலம். யாரும் கவனிக்காமல் போகக்கூடிய ஒரு மனிதரின் நடைக்காக ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சேற்றுத் தெய்வத்தைச் சிஹிரோ தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும் இதுவும் ஒரே வேலைதான். படம் சொல்வதும் படத்தை எடுத்த விதமும் வேறு வேறு இல்லை.

குறையே இல்லையா?

இருக்கிறது. 2004-ல் வந்த 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' முதல் ஒரு மணி நேரம் அற்புதம். இளம்பெண் சோஃபி சாபத்தால் ஒரே இரவில் கிழவியாகி, முட்டி வலியோடு மலையேறும் காட்சிகள் சிரிப்பும் பாவமுமாக இருக்கும். ஆனால், இரண்டாம் பாதியில் போர் ஏன் நடக்கிறது, யாருக்கும் யாருக்கும், எப்படி முடிந்தது என்பதெல்லாம் கலங்கிப்போகிறது. இராக் போர்மீது மியாசாகிக்கு இருந்த கோபம் படத்தில் தெரிகிறது. அது கதையாக உருக்கொள்ளவில்லை. கடைசி ஐந்து நிமிடங்களில் எல்லாச் சாபமும் ஒருசேரத் தீர்வது, மற்ற படங்களில் அவர் எதை மறுத்தாரோ அதையே செய்வதுபோல் இருக்கிறது.

'மோனோனோகே'யில் கையும் தலையும் துண்டாகிப் பறக்கும். கார்ட்டூன்தானே என்று நம்பிச் சின்னக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

35 வருடங்கள் கழித்து, இன்னோர் அம்மா

(இந்தப் பகுதியில் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்தின் முடிவு சொல்லப்படுகிறது. பார்க்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.)

2023 ஜூலையில், டிரெய்லர்கூட இல்லாமல் ஒரே ஒரு போஸ்டரோடு ஜப்பானில் வெளியான படம் 'தி பாய் அண்ட் தி ஹெரான்'. அப்போது மியாசாகிக்கு வயது 82. மறு வருடம் அவருக்கு இரண்டாவது ஆஸ்கரை வாங்கிக்கொடுத்தது. முதல்முறை பார்க்கும்போது தலை சுற்றும். பறவைகள், கோபுரம், மிதக்கும் கல், கிளிப்பிள்ளைப் படை என்று குறியீடுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், அடியில் ஒரு பையனும் அவன் அம்மாவும் இருக்கிறார்கள்.

போர்க்காலம். டோக்கியோவில் மருத்துவமனை தீப்பற்றி எரிகிறது. மஹிதோவின் அம்மா அதில் இறந்துபோகிறார். அப்பா சித்தியை மணந்துகொள்கிறார். ஒரு நாரை வந்து, உன் அம்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஆசைகாட்டுகிறது. அதன் பின்னால் போகும் மஹிதோ ஒரு மாய உலகத்தில் ஹிமி என்ற சிறுமியைச் சந்திக்கிறான். நெருப்பை ஆளும் அவள், சிறுமியாக இருந்தபோது அந்த உலகத்துக்குள் வந்துவிட்ட அவனுடைய அம்மாவேதான்.

பிரியும் நேரம் வருகிறது. அவரவர் காலத்துக்கு அவரவர் கதவு. உன் கதவு வழியாகப் போனால் நீ தீயில் இறந்துவிடுவாய் என்று மஹிதோ சொல்கிறான். ஹிமி சிரிக்கிறாள். தீ எனக்குப் பயமில்லை, உன்னைப் பெற்றெடுக்க வேண்டாமா என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டு அந்தக் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். மஹிதோவுக்கும் அந்த மாய உலகத்தை ஆளும் வாய்ப்பு வருகிறது. துன்பமில்லாத உலகத்தை நீயே கட்டலாம் என்கிறார் கொள்ளுத்தாத்தா. அவன் மறுத்துவிட்டு, போரும் தீயும் இருக்கும் உலகத்துக்கு, சித்தியைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறான்.

1988-ல் டோட்டோரோ அம்மாவைக் குணப்படுத்தவில்லை. 2023-ல் அம்மா தானே நெருப்பாக இருந்தும் பிழைக்கவில்லை. நடுவில் 35 வருடங்கள். மியாசாகி தன் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. மாய உலகத்துக்குப் போகலாம், அங்கே அழலாம், சாப்பிடலாம், ஒரு துணையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால், திரும்பி வர வேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஜிப்லி படங்களில் பெரும்பாலானவை நெட்ஃப்ளிக்ஸில் இருக்கின்றன. சப்டைட்டில் படிக்க முடியாத சின்னவர்களுக்கு ஆங்கில டப்பிங் இருக்கிறது.

- நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு: 'டோட்டோரோ'. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மெய் தொலைந்துபோகும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

- எட்டு வயதுக்கு மேல்: 'கிகி'. பிறகு 'ஸ்பிரிட்டட் அவே'. அப்பா அம்மா பன்றியாகும் காட்சியில் சில குழந்தைகள் பயப்படலாம். விளக்கை அணைக்காமல் பார்ப்பது நல்லது.

- பதின்வயதினருக்கு: 'மோனோனோகே'. முடிந்ததும் எபோஷி நல்லவளா கெட்டவளா என்று வீட்டில் ஒரு விவாதம் வைக்கலாம்.

- பெரியவர்களுக்கு: 'தி பாய் அண்ட் தி ஹெரான்'. ஆனால், இதை முதல் படமாகப் பார்க்க வேண்டாம். மேலே சொன்னவற்றில் மூன்றையாவது பார்த்த பிறகு பார்த்தால்தான் அந்தக் கதவுக் காட்சி அறையும்.

ஒரு சின்ன வேண்டுகோள். ரயில் காட்சி வரும்போது ஃபார்வர்ட் பட்டனைத் தொடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல், குழந்தைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தவிக்கிற குடும்பங்கள் எப்போதும் இருக்கின்றன. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் வராது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அப்படி ஒரு சாயங்காலம் வந்தால் 'டோட்டோரோ'வைப் போட்டுவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் உட்காரலாம். பஸ் ஸ்டாப் காட்சியில் டோட்டோரோ வந்து செய்வதும் அவ்வளவுதானே. அப்பா வரும் பஸ்ஸை அது சீக்கிரம் கொண்டுவரவில்லை. மழையையும் நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து நின்றது.